தங்கூசி முன்னே, நூல் பின்னே

நிஸ்மியாவின் முன்பற்கள் ஒன்றையொன்று முண்டியடித்துக்கொண்டு முளைத்தவை. அவற்றை வரிசைக்குக் கொண்டுவரத்தான் டொக்டர் கம்பி பூட்டினார். குறிஞ்சிப்பிட்டியில் வேறு யாருக்கு இருக்கிறது அப்படியொரு கம்பி? அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் தின்ற பாணும் நெத்தலியும் இடுக்குகளில் தங்கி, பல்லைச் சுற்றிய முரசு வீங்கி, ரத்தம் கசிந்தது.

"அடுத்த முறையும் ரத்தம் வந்தால் கம்பியைக் கழற்றத்தான் வேண்டும், மகள்," என்றார் டொக்டர். இடுக்கைத் துடைக்க மெல்லிய நூலும், அதைக் கம்பிக்கு அடியால் கோத்து எடுக்க ஒரு பிளாஸ்டிக் ஊசியும் தந்தார்.

வாய் கொப்பளித்த அவசரத்தில் ஊசி தண்ணீரோடு கானுக்குள் போய்விட்டது. ஊர்க் கடையில் கேட்டால் தையல் ஊசியை எடுத்துக் காட்டினார்கள். மிச்சமிருந்த நூலோ துவண்டு துவண்டு விழுந்தது. கம்பிக்கு அடியில் நுழையவே இல்லை.

வாப்பா கடலுக்குப் போகிறவர். வீடு முழுக்கத் தங்கூசி, அதுதான் தூண்டிலில் கட்டும் நைலோன். நல்ல விறைப்பு. நிஸ்மியா புதுச் சுருளில் ஒரு துண்டு வெட்டி, அதையே பல்லிடுக்கில் விட்டு இழுத்தாள். சுரீரென்றது. துப்பினால் ரத்தம்.

"பல்லுக்குள்ள என்ன, சூரை மீனா பிடிக்கிறாய்?" என்று உம்மா ஏசினார். நிஸ்மியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பி போய்விடுமே என்று அழுகைதான் வந்தது.

முற்றத்தில் அவளுக்கு மூத்தவன் ஹுனைஸ் நானா வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். தொய்ந்த கயிற்றை அவன் வலைக்கண்ணுக்குள் தள்ளவில்லை. ஒரு குச்சியில் கட்டி, குச்சியை முன்னால் அனுப்பினான். கயிறு பின்னால் போனது.

அட, இவ்வளவுதானா என்று எழுந்தாள் நிஸ்மியா. தங்கூசியைக் கழுவி, இரண்டாக மடித்து முடிச்சிட்டாள். அந்த வளையத்துக்குள் நூலை விட்டாள். தங்கூசி கம்பிக்கு அடியால் புகுந்து வெளியே வந்தது. நூலும் கூடவே வந்தது. தங்கூசியை எடுத்துவிட்டு, நூலால் மட்டும் ஒவ்வோர் இடுக்காக மெதுவாகத் துடைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. குளியலறைக் கதவைத் தட்டித் தட்டியே நானாவுக்குக் கை ஓய்ந்தது.

மறுபடி போனபோது டொக்டர் முரசை அழுத்திப் பார்த்தார். ரத்தம் இல்லை. எப்படி என்று கேட்டார், அவள் தங்கூசிக் கதையைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் புது ஊசி ஒன்று தந்தார். கம்பியைக் கழற்றவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது தாடை விண்விண்ணென்றது.

"நோகுதா மகள்?" என்று உம்மா கேட்டார்.

"ஓம் உம்மா, நல்லா நோகுது," என்று நிஸ்மியா பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.