மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு

1984 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.20.

மலைப் பாதையின் ஐந்தாவது வளைவுக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவில், ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நொறுங்கிக் கிடந்தது. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கிச் செத்திருந்தார் அல்போன்ஸ். வயது முப்பத்தாறு. பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடைக்காரர். இரண்டே பேர் உட்காரும் அந்தப் பழைய வெளிநாட்டு வண்டியை, ஞாயிறுதோறும் முதல் பூசை முடிந்ததும் மலைக்கு ஓட்டிப் போய்த் திரும்புவது அவர் வழக்கம்.

சப்-இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன் சரிவில் இறங்கினார். வண்டி இரண்டாவது கியரில் இருந்தது. மேலே சாலையில் நாற்பதடிக்கு டயர் தேய்ந்த கறுப்புக் கோடு. பிரேக் பிடித்திருக்கிறார், வண்டி நிற்கவில்லை.

பானெட்டை நெம்பித் திறந்தார்கள். கார்புரேட்டர் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் அறுந்து தொங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இஞ்சினை அடக்குகிற ஸ்பிரிங் அது. அது போனால், கால் எடுத்த பிறகும் வண்டி பாயும்.

"மெக்கானிக் இன்னாசிராஜ் வேலைதான் சார்" என்றார் ஏட்டு காளியப்பன். "கியர் குறைச்சா ஆக்சிலேட்டர் தகராறுன்னு நாலு மாசமா இந்த வண்டி அவன் பட்டறையிலதான் கெடந்துச்சு. ஊருக்கே தெரியும்."

அர்ச்சுனன் ஸ்பிரிங்கின் முனையை வெயிலில் திருப்பினார். கம்பியின் பாதி வழவழப்பாக மின்னியது. மீதிப் பாதி பிய்ந்து கரடுமுரடாக இருந்தது.

"பாதிய அரம் வச்சு அறுத்திருக்காங்க. மீதி மலையில பிஞ்சிருக்கு" என்றார். "இது விபத்து இல்ல."

பகல் 12.10. ஸ்டேஷன்.

இன்னாசிராஜின் கன்னம் வீங்கியிருந்தது. விசாரணைக்கு முன்பே ஏட்டு கைவைத்திருந்தார்.

"கடைசியா எப்ப வண்டியத் தொட்ட?"

"வியாழக்கிழமை சார்."

"என்ன கோளாறு?"

"மூணுலருந்து ரெண்டுக்குக் குறைக்கிறப்ப சட்டுனு ஒரு மிதி மிதிப்பாரு சார். அப்ப இஞ்சின் எடுக்காது. இருமிட்டு, ஒரு செகண்டு கழிச்சுத்தான் எடுக்கும். அதுவும் பத்துல ரெண்டு தடவ. நான் ஓட்டினா வராது, அவரு ஓட்டினா வரும். கார்புரேட்டர் தலையில கொஞ்சம் எண்ணெய் நிக்கணும், அது கசியுது. வியாழக்கிழமைதான் கண்டுபிடிச்சேன்."

"ஸ்பிரிங்?"

"நல்லா இருந்துச்சு சார். மாதா மேல சத்தியம்."

பிற்பகல் 1.30. பெட்ரோல் பங்க்.

அல்போன்ஸ் அன்று காலை கடைசியாக நின்ற இடம். பெட்ரோல் ஊற்றியவர் நஞ்சப்பன். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள்.

"எத்தன மணிக்கு வந்தாரு?"

"ஏழேகாலுங்க. எதிர்க்கடையில டீ குடிச்சிட்டுப் போனாருங்க."

"பானெட்டைத் திறந்தியா?"

"இல்லீங்க. பெட்ரோல் மட்டுந்தான்."

"வண்டியில என்ன கோளாறுன்னு தெரியுமா?"

"தெரியாம என்னங்க. கியரக் குறைச்சா இஞ்சின் அடங்காது. காலெடுத்தாலும் தானாப் பாயும். அதான் கொண்டு போயிருச்சு."

அர்ச்சுனன் அதை வார்த்தை மாறாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மாலை 4.00. அல்போன்ஸ் வீடு.

மனைவி இசபெல்லா அழுது ஓய்ந்திருந்தாள்.

"வண்டியப் பத்தி என்னம்மா சொல்வாரு?"

"'மிதிச்சா நகராம சண்டி மாடாட்டம் நிக்குது'ன்னு திட்டுவாருங்க."

"பங்க்ல வேற ஏதாவது பாப்பாங்களா?"

"பெட்ரோல் ஊத்தறவரு ரேடியேட்டருக்குத் தண்ணி பாப்பாருங்க. வாராவாரம்."

"காலெடுத்த பிறகும் தானாப் பாயுதுன்னு எப்பவாவது சொன்னாரா?"

இசபெல்லா நிமிர்ந்தாள்.

"ஒரே ஒரு தடவைங்க. கோர்ட்டுல."

"எந்தக் கோர்ட்டு?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி பாலக்கோடு ரோட்டுல ஒரு சின்னப் புள்ள மேல இதே வண்டிய ஏத்திட்டாரு. புள்ள செத்துப்போச்சு. பந்தயத்துல போற வேகம். வக்கீலு சொல்லிக் குடுத்தாரு... 'கியரக் குறைச்சேன், காலை எடுத்துட்டேன், இஞ்சின் அடங்கல'ன்னு. விட்டுட்டாங்க. அப்படி ஒரு கோளாறு அந்த வண்டிக்கு எப்பவுமே இருந்ததில்லீங்க."

மறுநாள் காலை 10.15.

பாலக்கோட்டிலிருந்து பழைய கேஸ் கட்டு வந்தது. ஒன்பது வயதுச் சிறுமி. தகப்பன் கரும்பு வெட்டும் கூலி. தகப்பன் பெயரைப் படித்துவிட்டு அர்ச்சுனன் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

நஞ்சப்பன் ஓடவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"அந்த வண்டியோட கோளாறு, மிதிச்சா எடுக்காதது" என்றார் அர்ச்சுனன். "மெக்கானிக் அதைத்தான் சொன்னான், அந்தம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. நீ மட்டும் நேர்மாறாச் சொன்ன. காலெடுத்தாலும் பாயும்னு. அந்தப் பேச்சு ஒரே ஒரு இடத்துலதான் நடந்திருக்கு, கோர்ட்டுல. நீ அங்க உக்காந்து கேட்டிருக்க."

ஏட்டு குறுக்கிட்டார். "மெக்கானிக்கே அறுத்திருக்கலாமே சார்?"

"வியாழக்கிழமை அறுத்திருந்தா ஞாயிறு வரைக்கும் தாங்கியிருக்காது. பழைய கோளாறு மாதிரி காட்டணும்னா, அவன் நெசமான கோளாறைத்தான காட்டியிருப்பான்? இது, வண்டியில இப்படி ஒரு கோளாறு இருக்குன்னு நம்புன ஆள் செஞ்ச வேலை. பானெட்டைத் திறக்கலன்னு சொன்னதும் பொய். அவரு டீ குடிச்ச நேரத்துல தண்ணி பாக்கற சாக்குல அறுத்திருக்க."

நஞ்சப்பன் தலையாட்டினார்.

"அறுத்தது நெசந்தாங்க. ஆனா அந்தக் கோளாற நம்பலீங்க" என்றார் மெதுவாக. "பொய்னு அன்னைக்கே தெரியும். கோர்ட்டுல கேட்டவங்கதான் நம்புனாங்க. மறுபடியும் நம்புவாங்கன்னு நெனச்சேன்."

"இந்த ஊருக்கு இதுக்குன்னே வந்தியா?"

"இல்லீங்க. ஒரு வார்த்தை கேக்க வந்தேன். தெரியாம நடந்துபோச்சுன்னு அவரு வாயால சொல்லிட்டா போதும்னு. ஒன்றரை வருஷம் என் கையாலதான் பெட்ரோல் போட்டுக்கிட்டாரு. கோர்ட்டுல மூணு தடவ எதிர்ல நின்னவன் நான். ஒரு நாள்கூட என் மூஞ்சிய நிமுந்து பாக்கலீங்க."

அர்ச்சுனன் வாக்குமூலத்தை எழுதி முடித்தார். நஞ்சப்பன் கைநாட்டு வைத்தார்.

இன்னாசிராஜை விடுவித்தார்கள். ஏட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மாலை 5.40. கறுப்புச் சேலையில் இசபெல்லா ஸ்டேஷன் படியேறி வந்தாள். நஞ்சப்பன் இருந்த லாக்கப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மேசை முன்னால் நின்றாள்.

"நான் நேத்து சொன்னத எழுதிக்குங்க சார். கோர்ட்டுல அவரு சொன்னது பொய்னு. கையெழுத்துப் போடறேன்."

"அந்தக் கேஸ் முடிஞ்சுபோச்சும்மா. இப்ப எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"பரவாயில்லீங்க, எழுதுங்க."

அர்ச்சுனன் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். பாதியில் இசபெல்லா குனிந்து கேட்டாள்.

"அந்தப் புள்ள பேரு என்னங்க? வூட்டுல நாங்க யாரும் கேட்டுக்கவே இல்ல."

அவர் பதில் சொல்வதற்குள், லாக்கப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தீர்த்தம்மா."