சீட்டுக்கு அடியில் ஒரு ஒயர்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, வெடிவிபத்துக்குப் பிறகு மூடிக் கிடந்த பட்டாசுக் கம்பெனிக்குள் மெக்கானிக் அப்துல் ஹக்கீம் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது உச்சிப்பொழுது. இடிந்த ஷெட்டுகளுக்கு நடுவே, இடிபாடு அள்ளும் குட்டி லோடர் நின்றது. ஓர் ஆள் மட்டும் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டும் பழைய வண்டி. முன்னால் வாளி, அதைத் தூக்க இருபுறமும் இரும்புக் கைகள். கந்தக வாடை இன்னும் போகவில்லை.

"நல்லா ஓடிக்கிட்டே இருக்கும் பாய், பொசுக்குனு நின்னுரும்" என்றான் டிரைவர் செல்லச்சாமி. "பலவேசம் அண்ணன் செத்ததுலேருந்து இப்படித்தான்."

"டீசல்ல காத்து ஏறியிருக்கும்லே. நீ போயி சாப்ட்டு வா."

முன்பு அந்த வண்டியை ஓட்டிய பலவேசம் மூன்று மாதத்துக்கு முன் எஞ்சினை அணைக்காமல் இறங்கி, அதே வாளிக்கு அடியில் நசுங்கிச் செத்தான். அவனுடைய கவனக்குறைவு என்றது ஊர். ஹக்கீமும் சேர்ந்து தலையாட்டினார். உண்மை அவருக்கு மட்டும் தெரியும். சீட்டில் ஆள் இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்ச் ஒன்று அதில் உண்டு. எட்டிப் பார்க்க எழுந்தாலே வண்டி நிற்கிறது என்று பலவேசம் சலித்துக்கொள்ள, துண்டு ஒயரை மாட்டி அந்தச் சுவிட்சைச் செயலிழக்க வைத்தவர் அவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

ஃபில்டரைக் கழற்றினார். அடைப்பில்லை. பைப்பைத் தளர்த்திப் பார்த்தார். காற்றும் இல்லை. டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குத்தான் கரண்ட் வரவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போன கை சீட்டுக்கு அடியில் நின்றது.

அவர் மாட்டிய துண்டு ஒயர். முனை தளர்ந்திருந்தது.

இதை எடுத்துவிட்டால் இனி ஒருத்தருக்கும் தெரியாது என்று தோன்றியது. பிடுங்கிக் கருவேல முள்ளுக்குள் வீசிவிட்டு, சுவிட்சைப் பழையபடி இணைத்தார். வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். சீட்டில் ஆள் இல்லை. ஸ்டார்ட் ஆகக் கூடாது.

ஆனது.

சாவியைத் திருப்பி அணைத்தார். நிற்கவில்லை.

சீட்டின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

இரும்புக் கைகள் மெல்ல மேலே எழுந்தன. வெயிலில் நின்றவர் மீது வாளியின் நிழல் விழுந்தது.

"பலவேசம்... ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லிர்றேன்ப்பா. இப்பவே போயி சொல்லிர்றேன்."

எஞ்சின் நின்றது. மெத்தை மெதுவாக மேலெழும்பியது.

வேறு யாரும் ஏறிவிடாதபடி சாவியை உருவிக்கொண்டு, நேராகப் பலவேசத்தின் வீட்டுக்குப் போனார். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி தங்கத்தாய் முழுவதையும் கேட்டாள். பசைக்கை அப்படியே நின்றது.

"மூணு மாசமா அந்த மனுசனைத்தான பாய் வைஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். கூறுகெட்ட மனுசன்னு புள்ளைககிட்டயும் அதத்தான சொல்லியிருக்கேன்."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்தபடி சொல்லியாயிற்று, இனி விட்டுவிடுவான் என்று நினைத்துக்கொண்டே ஹக்கீம் மோட்டார் சைக்கிளில் ஏறி உதைத்தார்.

பின் சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சிட்டு, ஓர் ஆள் கனத்துக்கு இறங்கியது.