இடப்பக்கத்து நாற்காலி

தட்டு காலியாக இருந்தது. முழுத் தட்டும்.

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாள் முதல் அவள் கணவர் பாதித் தட்டுதான் சாப்பிடுவார். வலப்பக்கம் இருப்பதை வழித்துத் தின்றுவிட்டு, நடுவில் கோடு கிழித்த மாதிரி நிறுத்திவிடுவார். இடப்பக்கத்து ரொட்டியும் முட்டையும் கை படாமல் கிடக்க, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு, "இவ்வளவுதானா? பசிக்குதே" என்பார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. மூளையில் வலப்புறம் ரத்தம் அடைத்துக்கொண்டதில், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அற்றுப்போய்விட்டது. பாதி முகத்துக்குத்தான் சவரம் செய்துகொள்வார். அவருடைய இடக்கையைத் தூக்கிக் காட்டினால், "யார் கை இது?" என்று கேட்பார். பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு வளைவுகூடத் திரும்பாதவர்.

பாதி சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். அது அவள் வேலை. திருப்பினால் மிச்சம் வலப்பக்கம் வந்துவிடும். "அட, இது எப்ப வந்துச்சு?" என்று மறுபடி சாப்பிடத் தொடங்குவார். இன்று அவள் திருப்பவில்லை. வேண்டுமென்றேதான், அலுப்பில், பின்கதவருகே நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்ட யாருங்க திருப்பினது?"

"நல்லா இருக்கே. நீதான பக்கத்துல உக்காந்து ஊட்டிவிட்ட."

வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. நினைவும் தடுமாறுகிறது போலிருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு தட்டைக் கழுவினாள்.

பயிற்சி கொடுக்க வரும் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். "எப்பவும் இடப்பக்கமா உக்காந்து பேசுங்கக்கா. அந்தப் பக்கமும் ஆள் இருக்காங்கன்னு மூளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் பழகணும்." அதற்காகக் கட்டிலின் இடப்பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி போட்டாள். சில நாள் பேசவும் செய்தாள். பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள்: அந்த நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், அவரைப் பொறுத்தவரை அவள் வீட்டிலேயே இல்லை.

எத்தனை சுகமாக இருந்தது அது. காபியை எடுத்துக்கொண்டு போய் உட்காருவாள். நாற்காலி ஒருமுறை முனகி அடங்கும். "கண்டக்டரம்மா" என்று அவர் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் வைத்த பெயர். வீட்டுக்கு அவர் ஓட்டுநர் என்றால் விசில் ஊதுவது அவள்தானாம். படுக்கப் போகுமுன், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பார். "ஏறியாச்சு, போலாம்" என்று சொல்லி அவள் விளக்கை அணைப்பாள். அந்தக் குரல்தான் கூப்பிடும். அவள் காபியைக் குடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் மாலை அவசரமாகக் கூப்பிட்டார். ஒன்றுக்குப் போக வேண்டும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரே நிமிடம் என்று நினைத்தாள். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, படுக்கையை நனைத்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதார். அவள் பூனை மாதிரி எழுந்துபோய், வாசல் வழியாக வருவதுபோல் வலப்பக்கம் வந்தாள். "கடைக்குப் போயிருந்தேங்க." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா. அது போதும்." அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

தட்டு காலியான மறுநாள் காலை அவர் முகத்தின் இரண்டு பக்கமும் சவரமாகியிருந்தது. இடக்கன்னத்தில் சோப்பு வாசனை. அவள் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். உட்காரும் இடம் சூடாக இருந்தது.

நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில் போட்டுப் பூட்டினாள்.

சாயங்காலம் மழை வலுத்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றவளுக்கு, கூரையில் விழும் தண்ணீரின் இரைச்சலையும் பால் பொங்கும் சத்தத்தையும் தாண்டி, படுக்கையறையிலிருந்து அந்தப் பிரம்பு முனகல் கேட்டது. ஒரே முறை. யாரோ உட்கார்ந்து அடங்குவதுபோல.

ஓடினாள். கட்டிலின் இடப்பக்கம் வெறும் தரை. நாற்காலி இல்லை. காபி வாசனை மட்டும் இருந்தது. அவள் இன்று காபி போடவே இல்லை.

சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். சொல்லிவிட்டால் போய்விடும். வலப்பக்கமாக வந்து, விளக்கு வெளிச்சம் முகத்தில் விழ மண்டியிட்டாள்.

"என்னங்க. நான் தப்பு பண்ணிட்டேன். அன்னைக்கு நான் கடைக்குப் போகல. இங்கதான் இருந்தேன்."

அவர் பார்க்கவில்லை. அவள் முகத்துக்கு நேராகத்தான் அவர் கண் இருந்தது. பார்க்கவில்லை.

"என்னங்க."

அவர் கழுத்து அசைந்தது. மாதக்கணக்கில் திரும்பாத பக்கம். இடப்பக்கம். மெல்லத் திரும்பியது. முகம் மலர்ந்தது.

"கண்டக்டரம்மா. எல்லாரும் ஏறியாச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பதில் வந்தது. அந்தப் பக்கமிருந்து. அவளுடைய குரலில்.

"ஏறியாச்சு. போலாம்."

அவள் அவருடைய வலக்கையை இறுகப் பற்றினாள். நகம் பதியும்படி. அவர் குனிந்து, தன் கையைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்தார். முகம் சுளித்தார். மறுபடி இடப்பக்கம் திரும்பினார்.

"யார் கை இது?"

"இங்க யாருமில்லீங்க" என்றது அவள் குரல்.

செத்துக் கிடந்த அவருடைய இடக்கை விரல்கள், ஒவ்வொன்றாக, எதையோ பற்றிக்கொண்டு மடங்கின. விளக்கு அணைந்தது.