அலமாரிக்குப் பின்னால் எட்டடி

மாபெரும் காதல்கள் எல்லாம் விதியின் பொற்கரங்களால் எழுதப்பட்டவை. மேகங்கள் முரசு கொட்ட, மின்னல் விளக்கேந்த, இரண்டு ஆன்மாக்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் அந்தக் கணத்தில் பூமி ஒரு நொடி சுழல மறந்து நிற்கும்...

இந்தக் காதலில் அவன் பக்கெட்டுக்குள் கால் விட்டான்.

மழை என்றால் அப்படியொரு மழை. தெருவே தெரியவில்லை. சுருட்டிய வரைபடம் ஒன்றைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்து, நூலகத்துக்குள் ஓடி வந்தவன், கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த நீல பக்கெட்டில் இடது காலை வைத்தான். பக்கெட் நிற்கவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு வழுக்கி, நூலகரின் மேஜைக்கு எதிரே வந்துதான் ஓய்ந்தது.

நூலகர் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"சார், அது வரலாற்றுப் பிரிவோட பக்கெட். இலக்கியத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. அதுலயும் ஒரு கால் வச்சுட்டீங்கன்னா சமமாயிடும்."

"நடு வழியிலயா மேடம் பக்கெட் வைப்பாங்க?"

"மழை எங்க விழுதோ அங்கதான் வைக்க முடியும். ஓரமா விழச் சொல்லிக் கேட்டுப் பாத்தேன். மதிக்கல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இமைகளில் இரண்டு மூன்று துளிகள் இறங்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, கோபப்பட முயன்று தோற்றுப்போய்ச் சிரிப்பை நோக்கி நழுவிக்கொண்டிருந்த இரண்டு கண்கள்... 'கண்ணு பரவாயில்லையே' என்று நினைத்துவிட்டாள். உடனே, 'உனக்கு இப்ப பக்கெட்டுதான் முக்கியம்' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"நான்தான் இந்தக் கட்டடத்தை மேம்படுத்தப் போற என்ஜினியர்" என்றான் அவன், இருந்த மிடுக்கையெல்லாம் திரட்டி.

"நல்லது. முதல்ல காலை வெளியே எடுங்க. அப்புறம் மேம்படுத்தலாம்."

போன வாரம் அவள் பயிற்சி வகுப்புக்கு வெளியூர் போயிருந்தபோது, அவன் வந்து நூலகத்தை அளந்துவிட்டுப் போயிருந்தான். இப்போது மேஜைமேல் வரைபடத்தை விரித்தான். வாசலில் ஒரு வளைவு. ஹாலில் ஒரு மேடை. மேடைக்கு எதிரே அறுபது நாற்காலிகள். சுவரில் ஒரு கல்வெட்டு. அதில் மேம்பாட்டுக் குழுத் தலைவரின் பெயர், புத்தகம் என்ற சொல்லைவிட நான்கு மடங்கு பெரிதாக. ஒழுகும் கூரையைப் பற்றி ஓரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பின்னர் பார்க்கலாம்.'

குழுத் தலைவர் அவளுடைய அப்பா. அவர் கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது, வீட்டு மிக்ஸியுடன் வந்த கையேடு.

நூலகரின் விரல் வரைபடத்தின் பின் மூலையில் போய் நின்றது. குழந்தைகள் அறை இருக்க வேண்டிய இடத்தில் 'சிறப்பு விருந்தினர் ஓய்வறை' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது.

"இது பிள்ளைங்க ரூம் ஆச்சே?"

"தெரியும் மேடம். ஆனா இடம் பத்தல. ஹால் அகலம் பதினாறே அடி. மேடையும் அறுபது நாற்காலியும் போட்டா நிக்கக்கூட இடம் இல்ல. ஓய்வறையை எங்க வைக்கிறது? சனிக்கிழமை அந்தச் சுவத்தை இடிச்சுட்டு வேலையை ஆரம்பிக்கிறோம்."

அவள் விரல் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. அந்த அறையில் சனிக்கிழமை காலையில் இருபது குழந்தைகளுக்குக் கதை நேரம். மதியம் தையல்கார அக்காவும் இன்னும் பத்துப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் உரக்கப் படிப்பார்கள். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு ஒரு முழு நாவலைப் படித்து முடித்த அக்கா, அதன் முடிவு பிடிக்காமல் இரண்டு வாரம் நூலகருடன் சண்டை போட்டாள். அந்தச் சண்டைக்காகத்தான் நூலகர் இந்த வேலையிலேயே இருந்தாள். இனி அங்கே, வருடத்துக்கு ஒரு முறை வரும் யாரோ ஒருவர் கால் நீட்டி ஓய்வெடுப்பாராம்.

திடீரென்று அவளுக்கு உறைத்தது.

"ஒரு நிமிஷம்... பதினாறு அடியா? எங்கேர்ந்து எங்க அளந்தீங்க?"

"சுவத்துலேர்ந்து சுவத்துக்கு. அலமாரியோட ஆழத்தைக்கூட விடாம சேத்துதான் போட்டேன். என்னோட அளவு தப்பாது மேடம்."

"அப்படியா? டேப்பை எடுத்துட்டு வாங்க."

செய்தித்தாள் ஸ்டாண்டின் பக்கத்தில், ஒருவர் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைக் காட்டினாள். மூன்று மழைக்காலமாக இரண்டு பக்கச் சுவர்களிலும் தண்ணீர் வழிகிறது. புத்தகங்கள் நனையாமலிருக்க, கூரை உயர அலமாரிகளைச் சுவரைவிட்டு முன்னால் நகர்த்திக்கொண்டே வந்திருந்தாள். பார்ப்பவர்களுக்கு அலமாரிதான் சுவர் மாதிரி இருக்கும்.

அவன் நுழைந்தான். உள்ளே ஒரு நாற்காலியில், தினமும் செய்தித்தாளின் தலையங்கத்தை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பதால் 'தலையங்கம்' என்றே பெயர் பெற்றவர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தார்.

"யாருப்பா அது... வெளிச்சத்தை மறைக்காதே" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நூலகர் ஹால் பக்கம் நின்று, வரலாற்று வரிசையிலிருந்து தடித்த புத்தகங்கள் மூன்றைச் சேர்த்து உருவினாள். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. கையில் டேப். புருவத்தில் இன்னும் மழை. அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன... விலகின... மறுபடியும் வந்தன.

"சுவர் கிடைச்சுதா சார்?"

டேப் இழுபடும் சத்தம் கேட்டது.

"நாலு அடி" என்றான் மெதுவாக.

"அந்தப் பக்கமும் நாலு அடி. உங்க டேப் சுவத்தைத் தொடவே இல்ல. வரலாறுலேர்ந்து இலக்கியம் வரைக்கும்தான் போயிருக்கு."

உருவிய புத்தகங்களை அவள் திரும்ப வைக்கக் கொஞ்சம் நேரமானது. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளும் வந்தான். "ஒரு தடவை சரிபாத்துடலாம்னு..." என்றான். மதியமும் வந்தான். சாயங்காலமும் வந்தான். எத்தனை முறை அளந்தாலும் அது இருபத்துநாலு அடியாகவே இருந்தது. டேப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க வேண்டியிருந்தது. மறுமுனையை அவன் ரொம்பத் தாமதமாகச் சுருட்டினான்.

"புதுசா வரைஞ்சுட்டேன்" என்றான் போகும்போது. "பிள்ளைங்க ரூம் அப்படியே இருக்கும். ஓய்வறை ஹால் மூலையிலயே அடங்கிடும். கூரைதான் முதல் வேலை. நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடறேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அன்று தெருவில் அவள் குடையை விரிக்கவே மறந்து நடந்தாள். நல்லவேளை, மழை நின்றிருந்தது.

வியாழக்கிழமை குழுக்கூட்டம். அவளுடைய அப்பா ஒலிபெருக்கியைப் பிடித்தார். எதிரே இருந்தது பதினான்கு பேர். ஒலிபெருக்கி நானூறு பேருக்கானது.

"பிழை என்பதையே அறியாத ஓர் இளம் மேதையை இந்த ஊருக்கு நான் கண்டுபிடித்துத் தந்திருக்கிறேன்!"

கைதட்டல். இளம் மேதை எழுந்தான். தொண்டையைச் செருமினான். கடைசி வரிசையில் நின்ற அவளைப் பார்த்தான். பிறகு, "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவள் வெளியே வந்துவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"கொஞ்சம் கேளுங்க... இது என் முதல் வேலை. அலமாரியை சுவருன்னு அளந்தவன்னு தெரிஞ்சா, அடுத்து யாரு என்னை நம்பி ஒரு கதவாவது மாட்டச் சொல்வாங்க?"

"எங்க தையல்கார அக்கா அந்த ரூம்லதான் முதல் தடவை படிச்சாங்க. பத்துப் பேர் முன்னாடி. ஒரு வரிக்கு ஒம்போது தப்பு. சிரிச்சாங்க எல்லாரும். அவங்க நிறுத்தல. அடுத்த வரிக்குப் போனாங்க." அவள் குரல் நடுங்கவில்லை. "உங்களுக்கு ஒரே ஒரு தப்பு. அதைப் படிக்கத் தைரியம் இல்ல."

வீட்டிலும் அவள் விடவில்லை.

"எட்டடி இருக்குப்பா. நீங்களே வந்து பாருங்க."

"நான் கையெழுத்துப் போட்டாச்சும்மா. நான் போட்ட கையெழுத்துக்குக் கீழே தப்பு இருந்துச்சுன்னு ஊர் பேசணுமா?"

"என்னத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காமல் போனது.

"சனிக்கிழமை அந்தச் சுவர் மேல யாரும் கை வைக்க முடியாதுப்பா. சொல்லிட்டேன்."

"என்ன பண்ணுவே?"

"படிப்போம்."

சனிக்கிழமை காலை. கடப்பாரையும் சம்மட்டியுமாக நான்கு வேலையாட்கள் வந்தபோது, குழந்தைகள் அறையில் கால் வைக்க இடமில்லை. இடிக்க வேண்டிய சுவரில் முதுகைச் சாய்த்தபடி பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மடிக்கு ஒன்றாகக் குழந்தைகள். நடுவில் தையல்கார அக்கா ஒரு கொலைக் கதையை எழுத்துக் கூட்டாமல் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க, சுவத்தை இடிக்கணும்" என்றார் மேஸ்திரி.

"இருப்பா. கொலை பண்ணது யாருன்னு தெரியட்டும்."

"எத்தனை பக்கம் பாக்கி?"

"இருநூறு. அப்படி உக்காரு."

மேஸ்திரி தயங்கினார். பிறகு சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில், "அந்த டாக்டர்தான் செஞ்சிருப்பான்" என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

தலைவர் வந்தார். வாசலிலேயே நின்று சொற்பொழிவு போல ஆரம்பித்தார்.

"ஊரின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே என் சொந்த மகளே..."

"குறுக்கே இல்லப்பா. சாஞ்சு உக்காந்திருக்கேன்" என்றாள் நூலகர். "இடிக்கிறதுன்னா எங்களோட சேத்து இடிங்க. வேலையை விட்டு எடுக்கிறதுன்னா எடுங்க. எந்திரிக்க மாட்டேன்."

அப்போதுதான் அவன் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கதவருகே கிடந்த ஸ்டூலின் மேல் ஏறினான். முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரும் கேளுங்க. நான் தப்பா அளந்துட்டேன். சுவத்தை அளக்கல... அலமாரியை அளந்துட்டேன். இந்த ஹால்ல எட்டடி கூடுதலா இருக்கு. இந்த ரூமை இடிக்க வேண்டிய அவசியமே இல்ல. தப்பு முழுக்க என்னோடது. இது செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வாயைத் திறக்கல. அது அதைவிடப் பெரிய தப்பு."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. "அலமாரியை அளந்தாராம்!" என்று யாரோ தொடையில் தட்டினார்கள். அவன் காது வரை சிவந்து, இறங்காமல், ஸ்டூல் மேலேயே நின்றான். சிரித்து முடிக்கும் வரை நின்றான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மழை இல்லை... ஆனாலும் ஈரமாகத்தான் இருந்தன.

தலையங்கம் எழுந்து நின்றார். "தலைவரே, அந்த எட்டடியில நான் மூணு வருஷமா தூங்குறேன். சாட்சி வேணும்னா சொல்லுங்க."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார், அவர் கதையில் மூழ்கியிருந்தார். பொதுவாழ்வில் பழுத்த மனிதருக்கு மூன்று விநாடி போதும்.

"ஆகவே!" என்று முழங்கினார். "யாருக்கும் தெரியாமல் மறைந்து கிடந்த எட்டடியை இந்த ஊருக்கு நான் மீட்டுத் தருகிறேன்!"

கல்வெட்டிலும் அப்படியேதான் பொறித்தார்கள்: 'தலைவரின் அயராத முயற்சியால் எட்டடி அகலமாக்கப்பட்ட அரங்கம்.' போகட்டும். கூரை ஒழுகுவது நின்றது. அலமாரிகள் சுவரோடு சேர்ந்தன. தலையங்கத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் அப்பா வீட்டில் கேட்டார்: "அந்தப் பையன் வேலை முடிஞ்சும் எதுக்கு தினமும் லைப்ரரிக்கு வர்றான்?"

"படிக்க."

"அலமாரிக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனை நான் இந்த வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"தப்பு பண்ணிட்டேன்னு ஊர் முன்னாடி சொல்லத் தெரிஞ்சவர்ப்பா. நம்ம வீட்டுல அப்படி ஒருத்தர் இதுவரைக்கும் இல்ல. ஒருத்தராவது வரட்டும்."

அம்மா சமையலறையில் சத்தமாகச் சிரித்தாள். அப்பாவுக்கு இந்த முறை காது கேட்டது.

திறப்பு விழா அன்று ஹாலில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். குழந்தைகள் அறைக்குப் புதிய கதவு போட்டிருந்தான் அவன். அதைக் காட்டுவதாகச் சொல்லி அவளை அழைத்துப் போனான். கதவு மெல்ல, ஒரு சத்தமும் இல்லாமல், அழகாகச் சாத்திக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தூறல்.

"ஒண்ணு சொல்லணும்..." என்றான்.

"இன்னும் ஏதாவது தப்பா அளந்துட்டீங்களா?"

"இல்ல. இதை மட்டும் சரியா அளந்திருக்கேன். அன்னிக்கு அந்தப் புத்தகங்களை உருவினீங்களே... அந்தச் சந்து ஒம்போது அங்குலம். அதுக்குள்ள உங்க கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எதை அளந்தாலும் மனசுல நிக்க மாட்டேங்குது... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. உங்க அப்பா என்ன சொன்னாலும் சரி."

அவள் தரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு நேராக அவனைப் பார்த்தாள்.

"அப்பா சொல்றதை நான் பாத்துக்கறேன். எனக்கும் பிடிச்சிருக்கு. பக்கெட்டுல கால் வச்சப்பவே... சொல்லியிருந்தா ரொம்ப அலட்டிக்குவீங்கன்னு சொல்லல."

அவன் கை அவள் விரல்களைத் தேடி வந்தது. அவை விலகவில்லை. ஹாலில் கைதட்டல் எழுந்து அடங்கியது. சரி, போகலாம் என்று இருவரும் திரும்பினார்கள்.

கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி வைக்க அவன் மறந்திருந்தான். அரை மணி நேரம் தட்டிய பிறகு, அப்பா வந்து திறந்துவிட்டார்.