பன்றிக்கென்று ஐந்து தோட்டா

செல்போன் மூன்றாவது முறை அலறியபோதுதான் ஸ்மிதா எடுத்தாள்.

காலை எட்டரை மணி. மார்த்தாண்டத்தில் அவள் அப்பா யேசுதாசன் விட்டுப்போன துப்பாக்கிக் கடை. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.

"ஷிபின் சம்சாரமா? இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜன் பேசுறேன். அருமனைக்கு மேல மரச்சீனி விளை இருக்குல்ல... உடனே வாம்மா."

"அவருக்கு என்னாச்சு சார்?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவன் சுட்டதுல ஒரு ஆள் செத்துட்டான்."

ஷட்டர் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே வந்து மோதியது.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளைச் சுட வனத்துறை ஒரு குழு அமைத்திருந்தது. அதில் ஷிபினும் ஒருவன். முன்னாள் ராணுவம். சொந்த ரைபிள். விடிகிற நேரத்தில் கிளம்பிப் போனவன்...

மரச்சீனி பயிரிட்ட அந்த விளையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் கூட்டம் நின்றது.

நடுவே, மரத்தடியில் ரிஜோ கிடந்தான். இருபத்தெட்டு வயது. ரப்பர் பால்வெட்டப் போனவன். வெட்டுக்கத்தி இன்னும் கையில் இருந்தது.

தலைமாட்டில் அவன் அம்மா நேசபாய். அழுது முடித்துத் தொண்டை வற்றியிருந்தது. ஸ்மிதாவைப் பார்த்ததும் அவள் சேலையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"தோட்டா குடுத்தது நீதானட்டி? எனக்க பிள்ளைக்கு எத்தன குடுத்த?"

பெண் போலீஸ் ஒருத்தி வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஜீப்பின் பின்பக்கம் ஷிபின் உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கு.

"ஏட்டி, நீ எதுக்கு இஞ்ச வந்த?"

"என்ன நடந்துச்சு? எங்கிட்ட சொல்லுங்க."

"நாந்தான் ஆக்கும் சுட்டேன். செடி ஆடிச்சு. பன்னின்னு நெனச்சிட்டேன். நீ வீட்டுக்குப் போ."

குரலில் உயிரே இல்லை. அவன் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார்.

"தங்கையன்னு இன்னொரு பால்வெட்டுக்காரர், சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கார். கையாலை மண்சுவர்ப் பக்கத்துல இவன் ரைபிளோட நின்னதப் பாத்திருக்கார். இவனும் ஒத்துக்கிட்டான். கவனக்குறைவு. ரெண்டு வருஷத்துக்குள்ள வெளிய வந்துருவான். நல்ல வக்கீலாப் பாரு."

ரெண்டு வருஷம்.

ஊர் அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருக்கும். ஆளைக் கொன்றவன். கொன்றவன் பெண்டாட்டி. இந்த மனுஷனால் அதைத் தாங்க முடியுமா? விலங்கு பூட்டிய கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறானே... இவன் ஜெயிலிலிருந்து திரும்பி வரமாட்டான். ஏதாவது செய்துகொள்வான்.

அவள் திரும்பி ரிஜோவைப் பார்த்தாள். சட்டையின் நெஞ்சில் குன்றிமணி அளவுக்கு ஓட்டை.

"சார்... முதுகுப் பக்கம் எப்பிடி இருக்கு?"

"எதுக்கு?"

"நான் பாக்கணும் சார். தயவு செஞ்சு."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஏட்டு உடலை லேசாகச் சாய்த்தார்.

முதுகிலும் ஓட்டை. கிட்டத்தட்ட அதே அளவு.

ஸ்மிதா நிமிர்ந்தாள்.

"இது இவரு சுட்டது இல்ல சார்."

"என்னம்மா சொல்ற?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு தோட்டா நான் எனக்க கையால எடுத்துக் குடுத்தேன். எல்லாம் மூக்குல ஈயம் தெரியுற வகை. பன்னிக்கு அதுதான் சார் சரி. உள்ள போனதும் பூ மாதிரி விரிஞ்சு, அங்கேயே நின்னுரும். சுத்தி வீடு இருக்கு, பால்வெட்டுக்கு ஆளு வருவாங்க. பன்னியத் தொளச்சிட்டு மறுபக்கம் போற தோட்டாவ எப்பிடிக் குடுப்பேன்?"

"வெளிய வராதா?"

"வந்தாலும் முதுகு இப்பிடி இருக்காது. கை நுழையுற அளவுக்குப் பிச்சிருக்கும். இது முழுசா செம்பு உறை போட்ட தோட்டா. ஊசி மாதிரி உள்ள போயி, ஊசி மாதிரி வெளிய வந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"இவன்கிட்ட நாலு தோட்டாவும் ஒரு காலிக் கூடும் இருந்துச்சே?"

"அந்த ஒண்ணு பன்னிக்கு வெச்சது. குறி தப்பி எங்கயோ போயிருக்கும். அதே நேரத்துல வேற எவனோ ரிஜோவச் சுட்டிருக்கான். அந்தத் தோட்டாவத் தேடுங்க சார். இங்கதான் கெடக்கும்."

"ஏட்டி, விட்டிரு."

ஜீப்பிலிருந்து ஷிபின் குரல்.

"நாந்தான் சுட்டேன்னு சொல்லுகேன்ல. போ வீட்டுக்கு."

பாவம், மனது உடைந்துபோய்ப் பேசுகிறான் என்று நினைத்தாள். அவளுக்குள் வெறி ஏறியது.

ஷிபின் நின்ற கையாலையைத் தங்கையன் காட்டினார். அங்கிருந்து ரிஜோ விழுந்த இடம். அதே நேர்கோட்டில் அதற்குப் பின்னால் சரிவு; முதலில் அங்கே தேடலாம் என்றார் இன்ஸ்பெக்டர். ஸ்மிதா செருப்பை உதறிவிட்டு இறங்கினாள். முள் கிழித்தது. கணுக்காலில் அட்டை ஏறியது. ஒவ்வொரு மரமாகத் தடவினாள். இரண்டு போலீஸ்காரர்கள் கொஞ்ச நேரம் தேடிவிட்டு நின்றுவிட்டார்கள். அவள் நிற்கவில்லை.

முக்கால் மணி நேரம்.

பன்னிரண்டாவது மரமோ, பதிமூன்றாவதோ... ஒரு அயினிப் பலா மரம். இடுப்பளவு உயரத்தில் பட்டையில் புது ஓட்டை. பால் கசிந்து உறைந்திருந்தது.

"சார்... இஞ்ச வாங்க..."

ஏட்டு கத்தியால் தோண்டி எடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைக் கைக்குட்டையில் வாங்கினார்.

செம்பு நிறம். முனை சற்றே வளைந்திருந்தது. விரியவில்லை.

"பாத்தீங்களா சார்." ஸ்மிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் குடுத்தது இது இல்ல. அவர விட்டுருங்க."

இன்ஸ்பெக்டர் தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வகை, இந்தப் பக்கம் யாரெல்லாம் வச்சிருக்காங்க?"

"யாருகிட்டயும் கெடையாது சார். போன மாசம்தான் ஒரு பெட்டி வந்துச்சு. எங்க கடையில மட்டுந்தான் இருக்கு. ஒண்ணுகூட நான் வெளிய குடுக்கல. லாக்கர்ல..."

அவள் நிறுத்தினாள்.

"லாக்கர்ல... சொல்லும்மா."

அவள் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

"சாவி எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணு உன்கிட்ட."

அவள் சரிவேறி ஜீப்பின் பக்கம் போனாள். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே வந்தார்.

ஷிபின் இப்போதுதான் முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்தான்.

"உங்கிட்ட விட்டிருன்னு சொன்னேன்ல..." என்றான் மெதுவாக. "கேட்டியா?"

"நீங்களா?"

"பெட்டியில பாதி இல்லட்டி. காட்டுக்குள்ள மிளா மான் அடிக்குறவனுவளுக்குக் குடுத்தேன். ரிஜோ பாத்துட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிஞ்சதும் உங்கிட்ட சொல்லுவேன்னான். எவ்வளவோ கெஞ்சினேன்."

"அதுக்காக?"

"நீ என்ன விட்டுட்டுப் போயிருவ."

ஸ்மிதா ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"செம்பு தோட்டான்னா பாஞ்சு எங்கயாவது போயிரும், யாருக்கும் கெடைக்காதுன்னு நெனச்சேன்," என்றான் அவன். "தங்கையன் பாத்துட்டாரு. வேற வழி இல்லாம பன்னின்னு சொன்னேன். கணக்குக்கு நாலா இருக்கட்டும்னு நீ குடுத்ததுல ஒண்ணக் குளத்துல எறிஞ்சேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு... நீ வர்ற வரைக்கும்."

ரிஜோவின் தலைமாட்டில் நேசபாய் எழுந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் கத்தவில்லை. மெல்ல நடந்து வந்தாள். ஸ்மிதா தலைகுனிந்தாள், அடி விழும் என்று.

கிழவியின் கை அவள் தோளில் விழுந்தது. பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத கை.

இரண்டு பெண்களும் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள்.

வைகுண்டராஜன் தோட்டாவைக் கவரில் போட்டு ஒட்டினார். தொப்பியை மாட்டிக்கொண்டு, ஜீப் பானெட்டின் மேல் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த ரைட்டரிடம் போனார்.

"யோவ், எழுதினதக் கிழிச்சுட்டு முதல்ல இருந்து எழுது. அந்தப் பன்னிய எடுத்துரு. இந்தக் கேசுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல... அது பாட்டுக்குக் கெழங்கு தின்னுட்டு வீட்டுக்குப் போயிருச்சு."