வலது தொடையிடுக்கு

அடுப்படியில் தாளிப்பு நெடி ஏறி மனைவி இருமினாள். குளியலறையில் நின்றிருந்த அவள் கணவரின் வலது தொடையிடுக்கில் அந்த வீக்கம் புடைத்தது. அவர் இருமினால் புடைக்கும், சரி. வீடுவீடாகப் போடும் கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றினாலும் புடைக்கும். அவள் இருமினால் இதற்கென்ன வந்தது?

ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, குழாய் சொட்டும் சத்தத்தையும் சோப்பு வாசனையையும் துணைக்கு வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் அதை மெல்ல மெல்ல அழுத்தினார். வழக்கம்போலக் களக்கென்று உள்ளே போனது. மாதக்கணக்காக இதே பிழைப்பு. யாரிடமும் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடத்திலா வந்து தொலைத்திருக்கிறது? நினைத்தாலே மானம் போனது.

“உள்ள என்னதாங்க பண்றீங்க இவ்ளோ நேரம்?” மனைவி கதவைத் தட்டினாள்.

“சோப்புப் போடறேன்.”

“ஆமா, புது மாப்பிள்ளை பாரு!”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓயும்வரை அவர் கைக்கடியில் அது குலுங்கியது.

மறுநாள் அழுத்தியபோது உள்ளிருந்து திருப்பித் தள்ளியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தோளால் முட்டுவதுபோல.

காலில் சுளுக்கு என்று மனைவியிடம் புளுகிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் ஒரு பெண், அதுவும் மகள் வயது. தலையெழுத்து! மருந்து நெடியடிக்கும் திரைக்குப் பின்னால் பேண்ட்டை இறக்கி நின்றபோது காது மடல்வரை எரிந்தது.

“கூச்சப்படாதீங்க சார். எல்லா ஆம்பளைக்கும் இருக்கற வழிதான். கருவுல, வயித்துக்குள்ள இருக்கற விதை இது வழியாத்தான் கீழ எறங்கும். அப்புறம் மூடிக்கணும். உங்களுக்குச் சரியா மூடலை, குடல் எறங்குது. அவ்ளோதான்.”

கையுறை விரலால் விதைப்பையின் தோலை மேல்நோக்கி அழுத்தி, அந்த வழியின் வாயைத் தொட்டார்.

“இப்ப இருமுங்க.”

இருமச் சொன்னதும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

இருமல் கேட்டது.

கீழேயிருந்து. ஈரமாக. மனைவியின் இருமல்.

மருத்துவர் கையை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

“சார்... விடச் சொல்லுங்க.” மருத்துவருக்குக் குரலே எழும்பவில்லை. “நர்ஸைக் கூப்பிடுங்க சார்...”

கூப்பிட்டால் திரை விலகும். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். இந்தக் கோலத்தில்.

அவர் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

கீழே, கையுறையின் மணிக்கட்டு விளிம்பு, தோலோடு சேர்ந்து மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.