நிகர் ஊர்வான் பார்த்த குழாய்

காலை ஒன்பது மணிக்குப் பாதாளச் சாக்கடையில் இறங்கிய ஏகாம்பரம் பதினொன்றாகியும் மேலே வரவில்லை. குழாய் பத்திரமாக இருக்கிறது என்று ஒளிவருடிப் பதிவு சொன்னதால்தான் அவரை இறக்கினார்கள். பதிவில்லாமல் மனிதரை இறக்கினால் சிறை. பதிவிருந்தால் கேள்வியே கிடையாது. அப்படியொரு அருமையான சட்டம்.

பதிவெடுப்பது ஊர்வான் என்ற இயந்திரத்தின் வேலை. குழாய்க்குள் ஊர்ந்தபடி லேசர் கதிரை வீசும். அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துச் சுவரின் தூரத்தை அளக்கும். பார்வைத்திரையில் புள்ளி புள்ளியாகக் குழாய் எழும். ஆனால் ஒரு முறை இறங்கிய ஊர்வானைக் கழுவித் துடைக்க மூன்று நாளாகும். அந்த நாற்றம் யாருக்கு வேண்டும்? மாநகராட்சிச் சாக்கடை அலுவலகத்தில் எல்லோரும் நிகர் ஊர்வானையே ஓட்டினார்கள். அது கணினிக்குள் மட்டும் இருக்கும் இயந்திரம், பயிற்சிக்காகச் செய்தது. குழாயின் பழைய வரைபடத்துக்குள் ஓடி, அசல் போலவே ஒரு பதிவைத் தரும். வரைபடத்தில் சேறு ஏது, இடிபாடு ஏது?

இன்று அதை ஓட்டிப் பதிவெடுத்தவள் அங்கே வேலை செய்யும் செவ்வந்தி. ஏகாம்பரத்தின் மனைவி தாட்சாயணி அலுவலகத்துக்கே வந்து நின்றபோது செவ்வந்தியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உள்ள கல்லு சரிஞ்சிருக்குன்னு கூட வேலை செய்றவங்க சொல்றாங்க மேடம். தோண்டச் சொல்லுங்க."

பொறியாளர் ஞானதுரை திரையைக் காட்டினார். "பாரும்மா, எங்கயும் அடைப்பே இல்ல. பதிவுல அடைப்பு தெரிஞ்சாத்தான் ரோட்டைத் தோண்ட உத்தரவு போட முடியும்."

"சார், அது நிகர் ஊர்வான் பதிவு. நான்தான் ஓட்டினேன்," என்றாள் செவ்வந்தி. "சுவரைப் பாருங்க, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. அசலா இருந்தா தண்ணி பட்டுப் புள்ளி சிதறும்."

"சிதறாத பதிவுக்குத்தான் போன வருஷம் நமக்கு விருது குடுத்தாங்க. இதுவரைக்கும் குடுத்த முந்நூறு பதிவும் பொய்னு எழுதிக் குடு. எல்லாருமா ஜெயிலுக்குப் போவோம்."

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டார். அசல் ஊர்வானின் பேட்டரி இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்தது. ஆளைத் தேடவும் பதிவு வேண்டும் என்று விதி சொன்னது. ஞானதுரை நிகர் ஊர்வானையே மறுபடி ஓட்டினார். 'குழாய்க்குள் எவரும் இல்லை' என்றது திரை.

தாட்சாயணி அதற்குமேல் நிற்கவில்லை. தெருக்காரர்கள் உத்தரவுக்குக் காத்திராமல் கடப்பாறையோடு வந்து தார் ரோட்டைப் பெயர்த்தார்கள். செவ்வந்தியும் மண் அள்ளினாள். மூன்று மணிக்கு ஏகாம்பரத்தை வெளியே எடுத்தார்கள். உயிரில்லை, உடம்பில் சூடு மட்டும் மிச்சமிருந்தது.

அலுவலகத்தில் நிரப்பிய இறப்புப் படிவத்தில் இறந்த இடம் கேட்டது கணினி. செவ்வந்தி குழாயின் எண்ணை அடித்தாள். அந்நேரம் அக்குழாயில் எவரும் இல்லை என்று பதிவு இருப்பதால் ஏற்க இயலாது என்றது. மறுபடி அடித்தாள்; மறுபடி மறுத்தது. டிராயரில் கிடக்கும் கடிதத்தைக் கணினி படிக்காது. 'தெரு' என்று அடித்ததும் ஏற்றுக்கொண்டது.

தாளைத் தாட்சாயணியிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னாள். செவ்வந்திக்கு அழுகை வந்துவிட்டது. தாட்சாயணி அழவில்லை.

"தெருவுல செத்த ஆளு மேல இன்னாத்துக்கு மேடம் சாக்கடை நாறுது?"